தேனீக்களின் முழுச் சம்மதத்துடன்

1969-ம் வருஷம், ஆடி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில், பெரிய காஞ்சிபுரத்தில் மழலையர் தனிக்கலவை நிலையம் திறக்கப்பட்டது. குழந்தைக்குக் குழந்தை உடம்பு வேறு, எடை வேறு, எனவே மருந்தும் அவரவருக்குத் தக்கபடி தனித்தனியாகக் கலந்து தரப்படும் என்பது ஏற்பாடு. வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகை: 'ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தனி மருந்து'. பலகைக்குக் கீழே ஒரு பித்தளை அண்டா. ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து அந்த ஒரே அண்டா.

அண்டாவில் இருந்ததற்குப் பெயர் அடிக்கலவை. தேன், சோம்புத் தண்ணீர், கொஞ்சம் சிவப்புச் சாயம். இருமலா? அடிக்கலவையில் இருமல் தூள். பூச்சியா? அடிக்கலவையில் பூச்சித் தூள். தூள் தீர்ந்துபோன நாட்களில் அடிக்கலவையில் இன்னும் கொஞ்சம் அடிக்கலவை.

தேன் எதற்கு என்றால், தேன் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் தேன் தேங்கிவிட்டது. தேங்கியதை அரசு அலுவலகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தீயணைப்பு நிலையத்துக்கும் நாலு டின் போனது. அதை வைத்து எந்த நெருப்பை எப்படி அணைப்பது என்று அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தனிக்கலவை நிலையத்தாருக்கு யோசிக்கும் கஷ்டமெல்லாம் இல்லை. அண்டாவில் ஊற்றினார்கள்.

திறப்பு விழாவில் சூப்பரின்டெண்டென்ட் டாக்டர் ஆதிகேசவன் பேசினார். "தாய்மார்களே! பட்டுச் சேலைக்குப் பாவு எப்படியோ, அப்படித்தான் மருந்துக்கு அடிக்கலவை. பாவு இல்லாமல் சேலை உண்டா? நாங்கள் ஒரே பாவில் உங்கள் குழந்தைகள் அத்தனை பேருக்கும் நெய்யப் போகிறோம். இதற்குப் பெயர்தான் தனித்தன்மை!"

கூட்டத்தில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற தறிக்காரி மணியம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "ஒரே பாவுல நெய்ஞ்சா எல்லாச் சேலையும் ஒரே கலரு, ஒரே அகலம்தான் வரும். இதுல இன்னாடி தனித்தன்மை? இந்தாளு தறியப் பார்த்திருக்கானா இல்லியா?"

அதே கூட்டத்தில், எல்லாருக்கும் பின்னால், கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றவர் அப்பாண்டை நயினார். திருப்பருத்திக்குன்றத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் மணிலாக் கொட்டை பயிரிடுகிறவர். ஜைனர். நடக்கும்போது எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறவர். எறும்பு வழிவிடாவிட்டால் நின்று காத்திருக்கிறவர். அவருடைய மகள் சுகுமாரிக்கு நாலு வயது. அவளுக்கு வலிப்பு.

இரண்டு வயதிலிருந்து அந்த வலிப்பை அடக்கி வைத்திருந்தது மருந்துக்கடை அந்தோணி. அவர் மாதம் ஒரு முறை சுகுமாரியை அரிசி மண்டித் தராசில் நிற்கவைத்து நிறுப்பார். பெரியவர்களுக்கான மாத்திரையைக் கல்வத்தில் இழைத்து, அவள் எடைக்கு உண்டானதை மட்டும் அளந்து, சர்க்கரைப் பாகில் கலந்து தருவார். பாட்டிலின் விலாவில் ஒரு வேளைக்கு ஒரு வெட்டாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். மருந்து ஒரு வெட்டு இறங்கினால் ஒரு வேளை நிம்மதி.

நிலையம் திறந்த மறுநாள் ஓர் அதிகாரி அந்தோணியின் கடைக்கு வந்தார். குழந்தைகளுக்கான கலவையை இனி நிலையத்தைத் தவிர யாரும் கலக்கக் கூடாது என்று சொல்லி, கல்வத்தையும் சிறு தராசையும் சாக்கில் கட்டி அரக்கு முத்திரை வைத்து, கடையிலேயே ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போனார்.

"நயினாரே, கைய கட்டிட்டாங்க," என்றார் அந்தோணி. "கண்ணால பார்த்துக் குத்துமதிப்பா கலக்கற மருந்தா இது? கூடிப்போனா கொழந்த எழுந்திருக்காது. கொறஞ்சா வலிப்பு நிக்காது. நிலையத்துல கேளுங்க. அங்க வேலாயுதம்னு கம்பவுண்டரு நல்ல மனுஷன். ரெண்டு நிமிஷ வேலைதான்."

அப்பாண்டை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தார். "உங்க ஊர்லதான் இதுக்குன்னே நிலையம் தொறந்திருக்காங்களே, பேப்பர்ல போட்டோவோட வந்துச்சே," என்று சந்தோஷமாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுப் பாட்டிலில் மருந்து பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

நிலையத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கலவை அதிகாரி நமச்சிவாயம். மருந்து கலக்குவது அவர் வேலை அல்ல, அது வேலாயுதத்தின் வேலை. வேலாயுதம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நமச்சிவாயத்தின் வேலை.

"பாட்டில் கொண்டாந்தியா?"

"கொண்டாந்துக்கீறேன் சார்."

"கழுவுனியா?"

"வெந்நீர்ல கழுவினேன் சார்."

நமச்சிவாயம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உள்ள ஈரம் இருக்குதே."

"கழுவினா ஈரம் இருக்குமே சார்."

"சட்டம் பேசறியா? காய வச்சு எடுத்துக்கினு வா. நாளைக்கு வா. பாட்டில மறந்துடாத." ஜன்னல் கதவு படீரென்று மூடியது.

இடுப்பிலிருந்த சுகுமாரி கண் கொட்டாமல் அந்தக் கதவையே பார்த்தாள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்று சாயங்காலம் வீட்டு ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, தெருவில் போன ஆட்டைக் கூப்பிட்டு, "பாட்டில் கொண்டாந்தியா?" என்று கேட்டு, அது பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் பாட்டில் காய்ந்திருந்தது. அப்பாண்டை விஷயத்துக்கு வந்தார்.

"சார், கொழந்தைக்கு வலிப்பு மருந்து. தேன் மட்டும் இல்லாம, சர்க்கரப் பாகுல கலந்து குடுத்தீங்கன்னா..."

"தேன் இல்லாமலா? ஏன், கொழந்தைக்குச் சர்க்கர வியாதியா?"

"இல்ல சார். நாங்க ஜைனருங்க. தேன் தொடறதில்ல. கூட்டக் கலைச்சா அதுல இருக்கற உயிருங்க சாவுது இல்லீங்களா."

"யோவ் நயினாரே, எந்தத் தேனீயாவது வந்து உங்கிட்ட பிராது குடுத்துச்சா?"

வரிசை சிரித்தது. வரிசைக்கும் மருந்து வேண்டுமே. மணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து வேலாயுதம் தலையை நீட்டினார். "சார், பாகு இங்கயே இருக்குது. ரெண்டு நிமிஷத்துல..."

"வேலாயுதம்! கலக்கறது உன் டிபார்ட்மெண்டு. யோசிக்கறது என் டிபார்ட்மெண்டு." தலை உள்ளே போனது. நமச்சிவாயம் ஜன்னல் வழியாகக் குனிந்து, பாடம் சொல்லிக் கொடுப்பது போல நிதானமாகச் சொன்னார்: "இந்தாய்யா, நல்லா கேட்டுக்கோ. இது தனிக்கலவை நிலையம். எல்லாருக்கும் குடுக்கறததான் உனக்கும் குடுப்போம். உனக்கு மட்டும் தனியால்லாம் குடுக்க முடியாது."

அவருடைய தலைக்கு நேர் மேலேதான் பலகை இருந்தது.

"வேற வழியே இல்லீங்களா சார்?"

"ஏன் இல்ல? விலக்குக் கமிட்டி இருக்குது. நீ தேன் சாப்பிடறதில்லன்றத நேர்ல பார்த்த சாட்சி ரெண்டு பேர இட்டுக்கினு வா."

அப்பாண்டை யோசித்தார். ஒருவன் தேன் சாப்பிடுவதைப் பார்க்கலாம். சாப்பிடாததை எப்படிப் பார்ப்பது? எத்தனை நேரம் பார்த்தால் அது பார்த்ததாகும்? வரிசையிலிருந்து மணியம்மாள் முன்னால் வந்தாள்.

"நான் ஒரு சாட்சி, இடுப்புல இருக்கற எம்புள்ள ஒரு சாட்சி. நேத்து காலையிலேருந்து இந்தாளு எனக்கு முன்னாடி நின்னுக்கினு இருந்தாரு. ஒரு சொட்டு தேன் சாப்பிடல. சாப்பிட்டிருந்தா எனக்கும் குடுன்னு கேட்டிருப்பேன்."

கமிட்டி கூடியது. டாக்டர் ஆதிகேசவன் தலைவர், நமச்சிவாயம் உறுப்பினர், தேன் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒருவர் நடுநிலையாளர். மணியம்மாளை நிற்கவைத்து விசாரித்தார்கள்.

"இவர் சாப்பிடாதது எந்தத் தேன்? மலைத்தேனா, கொம்புத்தேனா?" என்றார் நடுநிலையாளர்.

"ரெண்டுமே சாப்பிடலீங்க."

"ஒரே நேரத்திலா?"

"ஆமாங்க. ரெண்டையும் ஒண்ணா சேர்த்து சாப்பிடாம இருந்தாரு."

சாட்சியம் பொருத்தமாக இருப்பதாகக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்பாண்டையின் ஆட்சேபணை தேனைப் பற்றியதல்ல, தேனீயின் துன்பத்தைப் பற்றியது என்று டாக்டர் ஆதிகேசவன் கண்டுபிடித்தார். "இதில் நாம் தேனீக்களின் தரப்பையும் கேட்க வேண்டும். ஒருதலைப்பட்சமாக நடந்தோம் என்ற பெயர் நமக்கு வரக் கூடாது." தேனீக்களின் தரப்பு தேன் சங்கத்திடம் கேட்கப்பட்டது. தேன் சங்கம் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டு, வட்ட முத்திரை குத்தி ஒரு சான்றிதழ் அனுப்பியது: 'மேற்படி தேன், தேனீக்களின் முழுச் சம்மதத்துடன் பெறப்பட்டது.'

அந்தக் கொஞ்ச நாளில் வீட்டுப் பாட்டில் கடைசி வெட்டுக்கு வந்து, அதையும் தாண்டியது.

சான்றிதழ் வந்த அன்று அப்பாண்டையோடு அவர் மனைவி சாந்திமதியும் வந்திருந்தாள். குழந்தை அவள் தோளில். காலை வேளைக்கு மருந்து இல்லை. முந்தின ராத்திரிக்கும் இல்லை.

நமச்சிவாயம் சான்றிதழை ஜன்னல் கம்பியில் வைத்துக் காட்டினார். "பார்த்துக்கோ. தேனீயே ஒத்துக்கினு குடுத்துக்கீது. இதுக்கு மேல உனக்கு இன்னா?"

சாந்திமதி காகிதத்தை மேலிருந்து கீழே படித்தாள். "தேனீ கையெழுத்து எங்க சார்?"

"இன்னாது?"

"இல்ல, முழுச் சம்மதம்னு போட்டிருக்குது. கையெழுத்து இல்லன்னா கைநாட்டாவது வேணாமா?"

வரிசை இந்தத் தடவை வேறு மாதிரி சிரித்தது. சத்தம் கேட்டு டாக்டர் ஆதிகேசவன் வெளியே வந்தார். பெரிய மனிதர்களுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் தாராள குணம் வந்துவிடும். "பாவம், குழந்தை. சிறப்பு விலக்கு தருகிறேன். இன்றைக்கு மட்டும்!" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைதட்டலுக்கு ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நமச்சிவாயம் சீட்டை வாங்கினார். ஓர் எழுத்து விடாமல் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். பின்பக்கம் வெள்ளை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னண்டு ஆயிடுச்சு. ஜன்னல் மூடற நேரம்."

"சார், டாக்டரு விலக்கு குடுத்துட்டாரு இல்ல?" என்றார் அப்பாண்டை.

"தேன்லேருந்து விலக்கு குடுத்துக்கீறாரு. நேரத்துலேருந்து குடுக்கலியே. நாளைக்கு வா."

"இன்னிக்கு மட்டும்னு எழுதியிருக்குதே சார்!"

"அப்ப நாளைக்கு வராத." கதவு மூடியது.

மூடிய அந்தக் கதவுக்கு எதிரேதான், தாயின் தோளிலேயே, சுகுமாரிக்கு வலிப்பு வந்தது. கை முறுக்கிக்கொண்டது. கண் மேலே செருகியது. சாந்திமதி தரையில் உட்கார்ந்து பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்திக்கொண்டாள். அப்பாண்டை கதவைத் தட்டினார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கதவைப் பலமாகத் தட்டியது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "சத்தம் போடாதீங்கய்யா. கமிட்டி நடக்குது."

மணியம்மாள்தான் ஓடிப்போய் எதிரிலிருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸைக் கூட்டி வந்தாள். ஊசி போட்டார்கள். முறுக்கு தளர்ந்து பிள்ளை தூங்கிப்போனது. வார்டில் படுக்கை கொடுத்தார்கள். குழந்தை மருந்தை ஆஸ்பத்திரியும் கலக்கக் கூடாதே, எத்தனை நாளைக்கு ஊசியிலேயே ஓட்டுவது என்று நர்ஸ் கேட்டாள்.

சாந்திமதி அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நிலையத்து வாசலில் தெரிந்த பச்சை எழுத்துப் பலகையை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து நமச்சிவாயமே வார்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். முகத்தில் சிரிப்பு. சிரிப்பு முகத்துக்குப் பழக்கமில்லாததால் ஒரு பக்கமாக நின்றது.

"நயினாரே, உங்களுக்கு அதிர்ஷ்டம்! மெட்ராஸ்லேருந்து சுகாதார இலாகா டைரக்டர் வராரு. பயனடைஞ்ச ஒரு கொழந்தைய அதோட வூட்லயே பார்க்கணும்னு சொல்லிக்கீறாரு. உங்க பொண்ணுதான்னு நான் சொல்லிட்டேன்."

"எங்க பொண்ணுக்கு நீங்க மருந்தே குடுக்கலியே சார்."

"அதனாலதான்யா அது தெம்பா இருக்குது." வாய் தவறி வந்துவிட்டது. சமாளித்தார். "போட்டோ புடிப்பாங்க. வேலாயுதம் மருந்துப் பெட்டியோட வருவான். டைரக்டர் முன்னாடியே கலந்து காட்டுவோம். அடிக்கலவைல இல்ல, சும்மா கலர் தண்ணில. போட்டோவுக்கு."

அப்பாண்டை வாயைத் திறந்தார். சாந்திமதி முந்திக்கொண்டாள்.

"தாராளமா வாங்க சார். எங்க வூட்லயே எல்லாருக்கும் விருந்து. மூணு மணிக்கு வந்துடுங்க. நாங்க பொழுது சாஞ்சா அடுப்பு பத்த வைக்கறதில்ல, சாப்பாடும் பரிமாறறதில்ல."

"விருந்துன்னா கரெக்டா வந்துடுவோம்மா!"

அவர் போனதும் அப்பாண்டை, "சாந்தி, உனக்கு இன்னா ஆச்சு? இந்த ஆளுங்களுக்கு விருந்தா?" என்றார்.

"ஆமாங்க. எல்லாருக்கும் ஒரே அண்டாவுல."

அப்பாண்டை அவளைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர். பயந்துபோனார். "பழி வாங்கறது பாவம் இல்லியா?"

"யாரையாவது அடிக்கப்போறனா? வையப்போறனா? ஒரு உசுரு சாவப்போவுதா? அவங்க விதிய அவங்களுக்கே பரிமாறப்போறேன். நீங்க பாட்டில மட்டும் கழுவிக் காய வைங்க."

டைரக்டர் வரும் நாளன்று காலையில் சுகுமாரியை டிஸ்சார்ஜ் செய்தார்கள். படத்தில் ஆரோக்கியமாகத் தெரிய வேண்டும் அல்லவா. வார்டை விட்டு வந்தால் அன்று மாலைக்கு ஊசி கிடையாது. மருந்தும் கிடையாது. அது சாந்திமதிக்குத் தெரியும். அவள் அன்று அடுப்பில் வைத்த ஒவ்வொரு பாத்திரத்தையும் அந்த மாலை வேளையை நினைத்துக்கொண்டுதான் வைத்தாள்.

மூணு மணிக்கு வரவேண்டிய ஜீப் வரவில்லை. நாலுக்கும் வரவில்லை. டைரக்டர் மக்கள் நலனை நேரில் அறிய வந்தவர். வழியில் காந்தி ரோட்டில் பட்டுச் சேலைக் கடைகள் இருந்தன. மக்கள் நலத்துக்கு முன் வீட்டு நலம். மூன்று கடை ஏறி இறங்கி, மத்தியானம் சாப்பிடாமல் விருந்துக்காக வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு, அவர்கள் திருப்பருத்திக்குன்றம் வந்து சேர்ந்தபோது சூரியன் மேற்கே புளியமரத்து உச்சிக்கு இறங்கியிருந்தது. ஊர்ஜனம் சாப்பிட்டுக் கைகழுவி வேடிக்கை பார்க்கத் தெருவில் உட்கார்ந்திருந்தது. நெய் வாசனை ஜீப்பை எட்டியது. டைரக்டர் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்.

வீட்டுத் தெரு ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு மேலே சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: 'ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு தனி விருந்து'. ஜன்னலுக்குப் பின்னால் கரண்டியோடு சாந்திமதி. பக்கத்தில் சுகுமாரி. உள்ளே வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, போளி, பால் பாயசம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அண்டா.

"பாத்திரம் கொண்டாந்தீங்களா சார்?"

டைரக்டருக்குப் புரியவில்லை. "இலை போடுவீங்கன்னு நினைச்சேனே."

"அவங்கவங்க பாத்திரத்த அவங்கவங்க கொண்டாரணும் சார். விதி."

டைரக்டர் பிளாஸ்கின் மூடியைக் கழற்றினார். டாக்டர் ஆதிகேசவன் வேலாயுதத்தின் பெட்டியிலிருந்து மருந்தளக்கும் கண்ணாடிக் குவளையை எடுத்தார். நமச்சிவாயத்துக்கு மிஞ்சியது ஒரு மிக்சர் பாட்டில். அவசரமாகக் கிணற்றடியில் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். சாந்திமதி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள ஈரம் இருக்குதே."

நமச்சிவாயத்தின் முகம் அண்டா மாதிரி மங்கியது. அப்போதுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்தது. டைரக்டருக்கு இன்னும் புரியவில்லை. சாந்திமதி அவருடைய மூடியில் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி கறுப்புத் தண்ணீரை ஊற்றி, அதில் ஒரு துண்டுப் போளியைப் போட்டு, மேலே பாயசம் விட்டு, நன்றாகக் கலக்கிக் கொடுத்தாள்.

டைரக்டர் பசியில் ஒரே மடக்கில் குடித்தார். அப்புறம் அவர் முகத்தில் நடந்ததைப் பார்த்துத் தெருவிலிருந்த ஆடு இரண்டடி பின்னால் போனது.

"என்... என்னம்மா இது!"

"நிலவேம்புக் கஷாயம் சார். எங்க அடிக்கலவை. ஒடம்புக்கு ரொம்ப நல்லது."

"போளிய மட்டும் தனியா குடும்மா!"

"இது தனி விருந்து சார். எல்லாருக்கும் குடுக்கறததான் உங்களுக்கும் குடுப்போம். உங்களுக்கு மட்டும் தனியால்லாம் குடுக்க முடியாது."

ஜன்னல் கம்பி வழியாகப் போளித் தட்டு தெரிந்தது. நெய் மினுமினுத்தது. டைரக்டர் எச்சில் விழுங்கினார். கசந்தது.

"வேற வழியே இல்லியாம்மா?"

"ஏன் இல்ல சார்? விலக்குக் கமிட்டி இருக்குது. நான், எங்க வூட்டுக்காரு, சுகுமாரி. நீங்க நிலவேம்பு சாப்பிடறதில்லன்றத நேர்ல பார்த்த சாட்சி ரெண்டு பேரு வேணும்."

டாக்டர் ஆதிகேசவன் முன்னால் பாய்ந்தார். "நான் சாட்சி! ஐயா என் கண் முன்னால் ஒரு நாளும் நிலவேம்பு சாப்பிட்டதே இல்லை!" நமச்சிவாயமும் கையைத் தூக்கினார். சாந்திமதி தலையாட்டினாள்.

"சாட்சி சரியாதான் இருக்குது. ஆனா நிலவேம்புச் செடியோட தரப்ப கேக்கணும். ஏங்க, கேட்டீங்களா?"

அப்பாண்டை நயினார் பொய் சொல்லாதவர். சங்கடத்தோடு நெளிந்தார். "கேட்டேன். ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா முழுச் சம்மதம்னு அர்த்தம். அப்ப விலக்கு தேவையில்ல சார்."

தெரு முழுக்கச் சிரித்தது. சூரியன் புளியமரத்தின் பாதிக்கு இறங்கியது. டைரக்டர் வெடித்தார்: "என்ன விளையாட்டும்மா இது? விதி, கமிட்டி, சாட்சின்னு! மனுஷனுக்காகத்தானே விதி? பசிச்ச வயித்துக்கு முன்னாடி விதியாவது, வெங்காயமாவது! பண்டம் உள்ள இருக்குது, குடுக்க ஆள் இருக்குது, வேணுங்கறவன் வாசல்ல நிக்கறான். எடுத்துக் குடுக்க உங்களுக்கு ரெண்டு நிமிஷம் ஆவுமா?"

சிரிப்பு நின்றது. சாந்திமதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதைத்தான் சார் நாங்க ஆடி மாசத்துலேருந்து கேட்டுக்கினு இருக்கோம்."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தோணியின் கல்வம், ஈரப் பாட்டில், தேனீயின் சம்மதம், இன்றைக்கு மட்டும், பன்னிரண்டு மணி, மூடிய கதவு. டைரக்டர் கேட்டார். நியாயத்தை அவர் எவ்வளவு கேட்டார், போளியை எவ்வளவு பார்த்தார் என்பதை அந்த இடத்திலிருந்த யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் பேனாவை எடுத்தார். நமச்சிவாயத்தின் முதுகை மேஜையாக வைத்துக்கொண்டு, ஆதிகேசவன் எழுதி வந்திருந்த வரவேற்புரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதினார்: தேன் வேண்டாத குழந்தைக்குத் தேன் இல்லாமல் கலந்து தர வேண்டியது. அந்தோணியின் முத்திரையைப் பிரிக்க வேண்டியது.

"இன்னிக்கு மட்டும்னு போட்டுடாதீங்க சார்."

"என்னிக்கும்னு போடறேம்மா. சீக்கிரம்!"

"அப்ப உங்களுக்கும் நிலவேம்புலேருந்து விலக்கு சார்."

அந்தக் காகிதத்தின் பலத்தில்தான் மறுநாள் காலையில் அந்தோணியின் கல்வம் சாக்கிலிருந்து வெளியே வந்தது. ஆனால் அது மறுநாள். இப்போது மாலை வேளை.

அப்பாண்டை உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். "காய வச்சு வச்சிருக்கறேன் சார். சொட்டு ஈரம் இல்ல." வேலாயுதம் அதை வாங்கினார். பெட்டியைத் திறந்தார். யாருடைய டிபார்ட்மெண்டையும் கேட்கவில்லை. சுகுமாரியின் எடையைக் கேட்டார், பெட்டியிலிருந்த தராசில் வலிப்புத் தூளை நிறுத்தார், சாந்திமதி காய்ச்சி வைத்திருந்த சர்க்கரைப் பாகில் விட்டார், குலுக்கினார், காகிதப் பட்டையை மடித்துக் கத்தரியால் வெட்டு வெட்டி ஒட்டினார். சுகுமாரி வாயைத் திறந்தாள். ஒரு வெட்டு இறங்கியது. சாந்திமதி பிள்ளையின் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கீழே உட்கார்ந்தாள்.

அத்தனை அதிகாரிகளும் சேர்ந்து ஒரே மூச்சாக ஜன்னலை நோக்கி வந்தார்கள். டைரக்டர் பிளாஸ்க் மூடியை நீட்டினார். "இப்ப அடிக்கலவை கிடையாது. விலக்கு குடுத்தாச்சு. போளி!"

அப்பாண்டை மேற்கே பார்த்தார். புளியமரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சிவப்பு மட்டும்.

"பொழுது போயிடுச்சுங்களே," என்றார் வருத்தத்தோடு. நிஜமான வருத்தம்தான்.

"அதான் விலக்கு குடுத்தாச்சேய்யா!" என்று நமச்சிவாயம் கத்தினார்.

"நிலவேம்புலேருந்து குடுத்தாச்சு," என்றாள் சாந்திமதி உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நேரத்துலேருந்து குடுக்கலியே சார்."

நமச்சிவாயம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த மிக்சர் பாட்டில் கம்பியில் மோதி டிங் என்றது. அந்தச் சத்தம் கேட்டு சுகுமாரி ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இந்த விளையாட்டு தனக்குத் தெரியும் என்று சந்தோஷமாகச் சிரித்தாள். பிறகு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, கதவின் கொண்டியைப் பிடித்தபடி சொன்னாள்:

"நாளைக்கு வா. பாட்டில மறந்துடாத."

கதவு படீரென்று மூடியது.